காட்டுப்பக்கம், ரோட்டுப்பக்கம்

நந்தினி,

சனிக்கிழமை மதிய விருந்து முடிந்து நீ பெங்களூருக்குக் கிளம்பும்போது, "ஏம்ப்பா ஒரு மாதிரி இருக்கீங்க? நான் போறது பிடிக்கலையா?" என்று கேட்டாய். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். வியாழக்கிழமை நீ விமானம் ஏறுகிறாய். வானத்திலிருந்து குதிக்கக் கற்றவள், இனி அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிக்காக ஆறு மாதம் வெளிநாட்டில் இருக்கப்போகிறாய். அது எனக்குப் பிடிக்காமல் போகுமா? நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் வேறு. அன்று நீ எல்லோரையும் சிரிக்கவைத்தாயே ஒரு கதை, அதில் ஒரு பொய் இருக்கிறது. அந்தப் பொய்யை உன் கையில் கொடுத்தவன் நான். நேரில் சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன். நீ பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டே பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாய். என்னால் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அதை எவ்வளவு நன்றாகச் சொன்னாய் என்பதுதான் எனக்குக் கூடுதல் வேதனை. பிரியாணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நண்பர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, என் குரலிலேயே நடித்துக் காட்டினாய். "எங்கப்பா கீழேருந்து ரேடியோல ரைட், ரைட்னு கத்துறாரு. அந்த ஆளு நேரா லெஃப்ட்ல போயி மோட்டார் கொட்டாய் பக்கத்துல விழுறாரு. ஏம்ப்பா இப்படிப் பண்ணேன்னு கேட்டா, சார், எங்க ஊர் பஸ்ல ரைட்னா போலாம்னு அர்த்தம் சார்ங்குறாரு!" பன்னிரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீயும் என்னைப் பார்த்தாய், நான் சிரிக்கிறேனா என்று. நானும் சிரித்தேன். உன் அம்மா மட்டும் தயிர்ப்பச்சடிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நீ கவனித்திருக்கமாட்டாய். அந்தக் கதை வரும்போதெல்லாம் அவள் எழுந்து உள்ளே போவாள். பதினேழு வருடமாக.

அந்தக் கடைசி வரியை, கண்டக்டர் விசிலடித்து 'ரைட்' சொல்வதை வைத்துச் செய்த அந்த வரியை, அந்த மனிதர் சொல்லவே இல்லை. நான் கட்டியது. கதையில் அவருக்குப் பெயர்கூட வைக்கவில்லை. அவர் பெயர் முனிராஜ். அஞ்செட்டிப் பக்கம் மலையடிவாரத்துக் கிராமம். கேழ்வரகும் மாடுகளுமாக வாழ்ந்த குடும்பம். ஓசூரில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தார். அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது.

நான் ராணுவத்திலிருந்து வந்து, நண்பர்கள் இரண்டு பேருடன் சேர்ந்து ஓசூருக்கு வெளியே இருந்த தனியார் ஓடுதளத்தில் வார இறுதிகளில் குதிக்கக் கற்றுக்கொடுத்துவந்த காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பெங்களூர்க்காரர்கள். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள், கல்லூரி மாணவர்கள். முனிராஜ் ஒருநாள் சைக்கிளில் வந்து வேலி ஓரம் நின்றார். தொழிற்சாலை வளாகத்தில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்திருக்கும்போது எங்கள் விமானத்திலிருந்து பாராசூட்டுகள் விரிவதைப் பார்த்திருக்கிறார். "நான்லாம் வரலாமா சார்?" என்று கேட்டார். வரலாம் என்றேன். அந்த ஒரு பதிலுக்காக மட்டும் நான் வெட்கப்படவேண்டியதில்லை.

நான் நாகரசம்பட்டி மாந்தோப்புக்காரன் மகன். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்தவன். ராணுவத்தில் சேர்ந்த புதிதில் ஆங்கிலமும் இந்தியும் புரியாமல் நான் பட்ட பாட்டை உனக்குச் சொன்னதில்லை. ஒரு ஹவில்தார் என்னை மைதானத்தின் நடுவில் நிறுத்தி, நான் தப்பாகச் சொன்ன ஓர் இந்தி வார்த்தையை ஐம்பது முறை கத்தச் சொன்னார். பிறகு எல்லாம் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதும் அதைப் பெருமையாக அணிந்துகொண்டேன். ஓசூரில் நான் நடத்திய வகுப்பு முழுக்க ஆங்கிலத்தில்தான் நடக்கும். எதிரே பத்துப் பேரில் நான்கு பேருக்குத் தமிழும் இரண்டு பேருக்குக் கன்னடமும்தான் சரளமாக வரும் என்று தெரிந்தும் ஆங்கிலத்தில்தான் பேசுவேன். பெங்களூர்க்காரர்கள் முன்னால் நான் யார் என்று காட்டவேண்டியிருந்தது.

முனிராஜ் மெதுவாகக் கற்றார், ஆனால் கற்றதை விடமாட்டார். மேடையிலிருந்து குதித்து, இரண்டு கால்களையும் சேர்த்துவைத்துத் தரையில் புரளும் பயிற்சியை மற்றவர்கள் பத்து முறை செய்தால் அவர் முப்பது முறை செய்வார். முதல் குதிப்புக்கு முந்தைய வகுப்பில், கீழே நிற்கும் ஆசிரியர் ரேடியோவில் வழிகாட்டுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாராசூட் தானாக விரிந்ததும் மாணவர் தன் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொள்ளவேண்டும். லெஃப்ட் என்றால் இடதுகையை இழு, ரைட் என்றால் வலதுகையை இழு. அவ்வளவுதான். முனிராஜ் தயங்கித் தயங்கிக் கை தூக்கினார்.

"சார், லெஃப்ட் ரைட்டுக்குப் பதிலா காட்டுப்பக்கம், ரோட்டுப்பக்கம்னு சொல்றீங்களா சார்? மேலேருந்து பாத்தா ஒரு பக்கம் சானமாவுக் காடு தெரியும், இன்னொரு பக்கம் ரோடு தெரியும். காட்டுப்பக்கம் திரும்புன்னா டக்குனு புரிஞ்சிக்கலாம் சார்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? முதலில் சிரித்தேன். "இது டவுன் பஸ் இல்ல தம்பி, நிறுத்தம் பாத்து எறங்குறதுக்கு" என்றேன். பின்வரிசையில் இருந்த ஒரு பெண், அவர் என்ன சொன்னார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மொழிபெயர்த்துச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். முனிராஜும் சிரித்தார். தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அதன்பிறகு அந்த வகுப்பில் அவர் கை தூக்கவே இல்லை. நந்தினி, உன் வகுப்பில் ஒருவர் கேள்வி கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தால், அங்கேயே வகுப்பை நிறுத்திவிடு. அந்த நிமிடத்திலிருந்து அவருக்குப் புரியாத எதையும் உன்னிடம் கேட்கமாட்டார். நீ புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவரை ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏற்றி அனுப்புவாய்.

இத்தனைக்கும் அவர் சொன்னதுதான் சரியான யோசனை. அது எனக்கு அப்போதே தெரிந்திருக்கவேண்டும். கீழே நிற்பவனுக்கும் மேலே இருப்பவனுக்கும் இடதும் வலதும் ஒன்றாக இருப்பதில்லை. மாணவர் நம்மை நோக்கி வரும்போது அவருடைய இடது நமக்கு வலது. அதனால்தான் ராணுவத்தில் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது: மாணவர் எந்தத் திசையைப் பார்த்துப் பறக்கிறாரோ அதே திசையைப் பார்த்துத் திரும்பி நில், கழுத்தை மட்டும் திருப்பி அவரைப் பார், பிறகு பேசு. நான் எத்தனையோ ஆசிரியர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உனக்கும் சொல்லியிருக்கிறேன். காட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. யார் எங்கே நின்றாலும் காடு காட்டுப்பக்கம்தான் இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்களைப் பற்றி எழுத ஒரு பத்திரிகைக்காரர் வந்திருந்தார். கையில் ரேடியோவோடு, பின்னால் பாராசூட் இறங்கிவருவது தெரியும்படி என்னைப் படம் எடுக்க விரும்பினார். முனிராஜ் மூன்றாவதாகக் குதித்தார். பாராசூட் அழகாக விரிந்தது. நான் சொன்னபடியெல்லாம் திரும்பினார், நேராக்கினார். கடைசி இறக்கத்துக்கு எதிர்காற்றில் என்னை நோக்கி வந்தார். நான் திரும்பி நின்றிருக்கவேண்டும். ஆனால் நான் கேமராவுக்காக ஒருமுறை முகத்தைக் காட்டிவிட்டு, மறுபடி முனிராஜுக்கு நேரெதிரே நின்றேன். அவர் கொஞ்சம் விலகி மோட்டார் கொட்டகை இருந்த பக்கமாக வருவது தெரிந்தது. அது ரோட்டுப்பக்கம். அவர் காட்டுப்பக்கம் திரும்பவேண்டும். என் இடதுகைப் பக்கம் காடு இருந்தது.

"லெஃப்ட்!" என்று கத்தினேன்.

அவர் இடதுகையை இழுத்தார். கொட்டகையை நோக்கித் திரும்பினார். என் சொல்லைக் கேட்காமல் திரும்புகிறார் என்றுதான் அந்த நொடியில் நினைத்தேன். கோபத்தோடு இன்னும் பலமாக, "லெஃப்ட்! லெஃப்ட்! ஐ செட் லெஃப்ட்!" என்றேன். அவர் இன்னும் பலமாக இடதுகையை இழுத்தார். தரைக்கு அவ்வளவு பக்கத்தில் அப்படி இழுத்தால் பாராசூட் சரிந்து வேகமாக இறங்கும். கொட்டகைக்கு வெளியே இருந்த சிமெண்ட் வாய்க்காலில் அவருடைய வலதுகால் மோதியது. அந்தச் சத்தம் நான் நின்ற இடம்வரை கேட்டது.

ஓடிப்போய் அவர் பக்கத்தில் மண்டியிட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. அவருடைய இடதுகை கைப்பிடியை இன்னும் விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தது. அதைப் பார்த்தேன். என் இடதுகையைப் பார்த்தேன். பிறகு காட்டைப் பார்த்தேன். நான் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். அவர் நான் சொன்னதை அப்படியே செய்திருக்கிறார்.

அப்போது என்னருகில் யாரும் இல்லை. என் கூட்டாளிகளில் ஒருவர் விமானத்தில், இன்னொருவர் தூரத்தில் வேறொரு கொட்டகையில் பாராசூட் மடித்துக்கொண்டிருந்தார். பத்திரிகைக்காரர் படம் எடுக்கத் தள்ளி நின்றிருந்தார், நான் ரேடியோவில் என்ன கத்தினேன் என்பது அவர் காதில் விழவில்லை. ஆம்புலன்ஸ் வந்து முனிராஜைத் தூக்கிக்கொண்டு போனதும் எல்லோரும் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். நான் யோசித்துப் பொய் சொன்னேன் என்றால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது: "ரைட்னு சொன்னேன், லெஃப்ட்ல போயிட்டான்." யாரும் சந்தேகப்படவில்லை. நேற்று வகுப்பில் லெஃப்ட் ரைட் வேண்டாம், காடு ரோடு என்று சொல்லுங்கள் எனக் கேட்ட ஆள்தானே. அவரைக் கேலி செய்து நான் சிரிக்கவைத்தது அன்றைக்கு எனக்குச் சாட்சியாக வந்து நின்றது.

மறுநாள் அறிக்கை எழுதினேன். ஆங்கிலத்தில். அடிபட்டவரும் கையெழுத்துப் போடவேண்டும் என்பது எங்கள் கிளப்பின் விதி. ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனேன். தொடை எலும்பு உடைந்து, காலைத் தூக்கிக் கட்டிவைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றார். காகிதத்தை நீட்டினேன். படித்துப் பார்க்கவில்லை. "எங்க சார் போடணும்?" என்று கேட்டார். இடத்தைக் காட்டினேன். போட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "மன்னிச்சிக்கங்க சார். என்னால உங்க பேரு கெட்டுப்போச்சு."

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதினால்தான் இந்தக் கடிதத்துக்கு அர்த்தம் உண்டு. "பரவால்ல, விடு" என்றேன். அவரை மன்னித்துவிட்டு வந்தேன், நந்தினி.

கால் கூடியது. ஆனால் ஒன்றரை அங்குலம் குறைந்துபோனது. நாள் முழுக்க நின்று செய்யும் வேலை என்பதால் அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அதோடு விட்டுவிட்டேன். உனக்கு அப்போது பத்து வயது. "அந்த அண்ணனுக்கு ஏம்ப்பா அடிபட்டுச்சு?" என்று நீ கேட்டபோதுதான் முதன்முதலாக அந்த பஸ் கதையைச் சொன்னேன். நீ பயந்துபோயிருந்தாய், உன்னைச் சிரிக்கவைக்கச் சொன்னேன் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். நீ சிரித்தாய். கதை நன்றாக வேலை செய்தது. பிறகு கல்லூரிகளில், தொழிற்சாலைகளின் பாதுகாப்பு விழாக்களில் என்னைப் பேசக் கூப்பிட்டபோதெல்லாம் அதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்தது போல ஆகிவிட்டது.

வெளியில் இப்படி இருந்தவன் வீட்டில் மட்டும் வேறாகவா இருந்திருப்பேன்? உன் அம்மாவுக்கு நான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த கதையை அவளே உனக்குச் சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பாள். சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. சிப்காட் சாலையில் இரண்டே நாள். நான் கத்திய கத்தலில் வண்டியை ஓரமாக நிறுத்தி, சாவியை என் மடியில் வைத்துவிட்டு, இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தாள். ஐந்து வருடம் கழித்து ஒருநாள் அவள் பெயருக்குத் தபாலில் ஓட்டுநர் உரிமம் வந்தது. எனக்குத் தெரியாமல் ஒரு பயிற்சிப் பள்ளியில் போய்க் கற்றிருக்கிறாள். "அங்க சொல்லிக்குடுத்த பொண்ணு, ஒவ்வொண்ணும் சொல்லிட்டு, இப்ப நான் என்ன சொன்னேன்னு நீங்க சொல்லுங்கக்கான்னு கேக்கும். அது போதும், வந்திருச்சு" என்றாள். இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்த எனக்கு அந்தப் பெண்ணின் ஒரு கேள்வி தெரியாமல் போனது. நீ அதை எடுத்துக்கொள். புரிந்ததா என்று ஒருபோதும் கேட்காதே. எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். நான் என்ன சொன்னேன் என்று கேள். அவரவர் மொழியில் சொல்லட்டும்.

சனிக்கிழமை நீ கிளம்பிய பிறகு அம்மா பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள். "இன்னும் எத்தினி வருஷத்துக்கு அந்தப் பையன வெச்சு சிரிச்சிக்கினு இருப்பீங்க? இப்ப பொண்ணும் ஆரம்பிச்சிட்டா." நான் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அதிர்ச்சி அடைவாள் என்று நினைத்தேன். அடையவில்லை. அப்போதே ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். முனிராஜ் அவளிடம், "எனக்கு லெஃப்ட்னுதாங்க்கா கேட்டுச்சு. காது தப்பாக் கேட்டிருக்குது போல" என்று சொல்லியிருக்கிறார். "எனக்கு அன்னிக்கே சந்தேகம்தான். நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். அப்புறம் அப்படியே விட்டுட்டேன். எம்மேலயும் தப்புதான்" என்றாள். அவர் இருக்கும் இடமும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஞாயிறு காலை அவள்தான் கார் ஓட்டினாள். தேன்கனிக்கோட்டை தாண்டிக் காட்டுப்பாதையில் போனோம். என் மடியில் அந்தப் பழைய அறிக்கையின் நகல் இருந்தது. அஞ்செட்டிக்குக் கொஞ்சம் முன்னால் சாலையோரத்தில் ஒரு மாவு மில். உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்தார். தலையிலும் மீசையிலும் மாவு படிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தார். "சார்! வாங்க சார், வாங்கக்கா" என்றார். நொண்டிக்கொண்டே போய் இரண்டு நாற்காலி எடுத்துப் போட்டார். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்த மரியாதையைத் தாங்கமுடியாமல் நான் உட்காராமலே சொல்லிவிட்டேன். "முனிராஜ், அன்னிக்கு நான்தான் தப்பாச் சொன்னேன். நீங்க செஞ்சது சரி."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. மறுபடி சொன்னேன். எங்கே நின்றேன், எந்தப் பக்கம் பார்த்தேன், எதனால் அப்படி நின்றேன், எல்லாம் சொன்னேன். அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

"அப்ப நான் கையெழுத்துப் போட்டனே ஒரு பேப்பரு, அதுல இன்னா எழுதியிருந்துச்சு?"

நகலை நீட்டினேன். வாங்கவில்லை. "நீங்களே சொல்லுங்க. தமிழ்ல சொல்லுங்க" என்றார். மகளைக் கூப்பிட்டு, "நீ பேப்பரப் பாத்துக்கோ, சார் சொல்றது சரியான்னு" என்றார். அந்தப் பெண் என் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். நான் எழுதிய வாக்கியங்களை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். மாணவருக்கு அடிப்படை ஆங்கிலம் புரியவில்லை. வலப்புறம் திரும்புமாறு பலமுறை தெளிவாக அறிவுறுத்தியும் அதற்கு எதிராக இடப்புறம் திரும்பினார். பயிற்சியளித்தவர் தரப்பில் எந்தக் குறையும் இல்லை. விபத்துக்கு முழுப் பொறுப்பும் மாணவருடையதே. படித்து முடித்ததும் அந்தப் பெண், "சரியாத்தான் சொல்றாருப்பா" என்றாள். உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய் நின்றாள்.

யாரோ ஒரு பெண் தூக்குவாளியில் கேழ்வரகோடு வந்து கன்னடத்தில் ஏதோ கேட்டாள். முனிராஜ் எழுந்து அவளுக்கு அரைத்துக் கொடுத்து அனுப்பினார். மெஷின் ஓடி முடியும்வரை நான் நின்றேன். பிறகு வந்து உட்கார்ந்து சொன்னார்.

"ஆஸ்பத்திரில படுத்துக்கினு ரெண்டு கையையும் தூக்கித் தூக்கிப் பாப்பேன் சார். எந்தக் கையில இழுத்தோம், எந்தக் கையில இழுத்தோம்னு. இடது கைதான்னு நல்லா ஞாபகம். லெஃப்ட்னு கேட்டதும் ஞாபகம். ஆனா சார் பொய் சொல்லமாட்டாரு, நம்ம புத்திதான் கொழம்பிப்போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். அதுக்கப்பறம் பைக் ஓட்டறதயே விட்டுட்டேன் சார். லெஃப்ட் ரைட் தெரியாதவன் ரோட்டுல எவனயாச்சும் கொன்னுடுவேன்னு பயம். இந்தப் புள்ளய இஸ்கூலுக்குக்கூட அது மாமன்தான் கொண்டுபோய் விடுவான்."

கால் போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் கையையே நம்பாமல் வாழ்ந்த பதினேழு வருடத்தைப் பற்றித்தான் சொன்னார். நான் எலும்பை உடைத்ததாக மட்டும்தான் அதுவரை நினைத்திருந்தேன். மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டப்ப நீங்க ஒடனே குடுத்துட்டீங்க சார். எனக்கு அப்படி ஒடனே வரல."

அதற்கு நான் தலையாட்டினேன். பிறகு, மறைக்கக்கூடாது என்று, அந்த பஸ் கதையையும் அவரிடமே சொன்னேன். நீ சனிக்கிழமை சொன்னதையும் சொன்னேன். நீயும் சொல்லிக்கொடுக்கப் போகிறாய் என்பதைச் சொன்னேன். அவர் மகள் அப்போதுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முனிராஜ் கேட்டார், "எத்தினி பேருகிட்ட சொல்லியிருப்பீங்க சார் இந்தக் கதைய?" தெரியாது என்றேன். "அத்தினி பேருக்கும் இத சொல்லுங்க. எம்பேரப் போட்டே சொல்லுங்க. எம்பொண்ணு படிக்கற மாதிரி தமிழ்ல எழுதுங்க" என்றார். வாசல்வரை வரவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே, உன் அம்மாவிடம் மட்டும், "பாத்துப் போங்கக்கா, யானை நடமாட்டம் இருக்குது" என்றார்.

அதனால் இது உனக்கு மட்டும் எழுதும் கடிதம் இல்லை. கிளப்பின் பழைய மாணவர்கள் இருக்கும் குழுவில் இதை இன்று மாலை போடுகிறேன். என்னைப் பேசக் கூப்பிட்ட கல்லூரிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அனுப்புகிறேன். அச்சிட யாராவது முன்வந்தால் கொடுக்கிறேன். முதல் பிரதி அஞ்செட்டிக்குப் போகிறது. வெளியில் மற்றவர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் உனக்குத் தெரியவேண்டும் என்று இதை இப்போது அனுப்புகிறேன். என் மாணவர்களில் ஒருவருக்குக்கூட என்னால் அடிபட்டதில்லை என்று நீ பெருமையாகச் சொல்வாய். இனி சொல்லமுடியாது. நீ போகும் இடத்தில் என் பெயரைச் சொல்லிக்கொள்ள உனக்கு விருப்பமில்லாமல் போனால் அதையும் நான் புரிந்துகொள்வேன்.

சனிக்கிழமை சிரித்த பன்னிரண்டு பேருக்கும் நீதான் சொல்லவேண்டும். அது உன் தப்பு இல்லை, ஆனால் உன் வாயிலிருந்து கேட்டவர்கள் உன் வாயிலிருந்துதான் திருத்திக் கேட்கவேண்டும். கிளம்புவதற்கு முன் சொல்லிவிடு. அவர்களில் யாராவது உன்மேல் உள்ள பிரியத்தில், பாவம், அப்பாவுக்கு வயதாகிவிட்டது, அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று சமாதானம் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதே. அன்று எனக்கு நாற்பத்தைந்து வயது. கண் நன்றாகத் தெரிந்தது.

அப்பா